சென்னைப் பள்ளி மாணவர் தன் சமூகப் பணிக்கு அங்கீகாரம் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டப் பிரிவைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், யாராவது ஒரு மாணவர் கைப்பேசியை நீட்டி, "ஐயா, ஒரு வருடமாக உழைத்திருக்கிறேன், சான்றிதழ் வேண்டும்" என்பார். கைப்பேசியில் நானூறு படங்கள் இருக்கும். எந்தத் தெரு, எந்த நாள், வேலைக்கு முன் எப்படி இருந்தது, பின் என்ன மாறியது என்பது ஒன்றிலும் இருக்காது. உழைப்பு உண்மையானதுதான். ஆனால் அதை வைத்து நான் ஒரு வரி எழுதித் தர முடியாது. அந்த மாணவரின் முகம் வாடுவதைப் பார்ப்பது வேதனை.

பெரும்பாலோர் முதலில் வேலை, பிறகு சான்று, கடைசியில் எந்த விருது என்ற வரிசையில் போகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிர். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. எந்த அங்கீகாரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு விருதுக்கும் வயது வரம்பும் கணக்கில் எடுக்கும் காலமும் வேறு. இவை தெரியாமல் தொடங்கினால், நல்ல வேலை தவறான ஆண்டில் விழுந்துவிடும்.

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. ஆண்கள் 3 பேர், பெண்கள் 3 பேருக்குச் சுதந்திர தினத்தன்று வழங்கப்படுகிறது, ரூ.1 லட்சம், பாராட்டுப் பத்திரம், பதக்கம். இதில் மாணவர்கள் தவறவிடும் விதி ஒன்று உண்டு: முடிந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செய்த பணிதான் எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஏப்ரல் 1 அன்றே 15 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 5 ஆண்டுகள் வசித்ததற்கான சான்றும் தேவை.

பிரதமரின் ராஷ்ட்ரிய பால புரஸ்கார் 5 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. மத்திய அரசின் தேசிய விருதுகள் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், பிறரும் பரிந்துரைக்கலாம். சமூக சேவை, சுற்றுச்சூழல் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். நீங்கள் எந்தப் பிரிவு என்பதை வேலை தொடங்கும்போதே தீர்மானியுங்கள். இரண்டிலும் கால் வைத்த விண்ணப்பம் எதிலும் நிற்காது.

மாணவிகளுக்கு, தேசிய பெண் குழந்தைகள் தினமான ஜனவரி 24-ஐ ஒட்டி வழங்கப்படும் மாநில விருது இருக்கிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, பெண் கல்விக்கு உழைப்பது போன்றவை இதில் வரும். விவரங்களை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம்.

இவை மிகச் சிலருக்கே கிடைப்பவை. இவற்றை மட்டும் குறிவைக்காதீர்கள். உழைத்த எவருக்கும் கிடைக்கக்கூடிய அங்கீகாரங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும், ஓர் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ் உண்டு. சாரண, சாரணியருக்கு ஆளுநர் பெயரால் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்கார் இருக்கிறது. ஆனால் அது படிப்படியாக ஏற வேண்டியது. பிளஸ் ஒன்னில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து பிளஸ் டூவில் பெறலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொறியியல் கலந்தாய்வில் இந்தச் சான்றிதழ்களுக்கு மதிப்பெண் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு பிள்ளையை அனுப்புங்கள். பாதி வழியில் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நிறுத்திவிடுவது பிள்ளையின் மனதை உடைக்கும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், பள்ளி போனஃபைட் சான்றிதழ், ஆதார் நகல், முகவரிச் சான்று. இவற்றை ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள். அனுமதிக் கடிதம் முதல் நாளே வேண்டும். அலுவலகத்திற்குப் போகும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் "நீ யார், யார் அனுப்பியது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பள்ளி முத்திரை இருந்தால் அந்தக் கேள்விக்கு இரண்டு நொடியில் பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். தைத்த நோட்டாக இருக்க வேண்டும். சுருள் கம்பி நோட்டு வேண்டாம், தாள் உருவப்பட்டிருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு இடம் தரும். எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் எண் போடுங்கள்.

3. ஒரே பிரச்சினை, ஒரே இடம்

"சென்னையைத் தூய்மையாக்குவோம்" என்று தொடங்கியவர்கள் யாரும் என் கண் முன்னே முடித்ததில்லை. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். உங்களுக்கு வேண்டியது அதில் ஒரு வார்டில் ஒரு தெரு.

தினமும் கடந்து போகும் இடத்தில் இருக்கும் பிரச்சினையை எடுங்கள். அலைச்சல் இல்லாமல் தினமும் பார்க்க முடிகிற இடத்தில்தான் பதிவு தொடரும். பள்ளி வாசலில் சாலையைக் கடக்கும் இடம், எரியாத தெருவிளக்குகள், மழை நீர் தேங்கும் முனை, நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிப்பது என எதுவும் சரி.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 17 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் தகுதி நாட்கள். இது பலருக்குத் தெரியாது. உங்கள் தெருவிலும் பள்ளியிலும் உள்ள பதினேழு வயதினரைக் கணக்கெடுத்துப் படிவம் நிரப்ப உதவினால், எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியும். எண்ணிச் சொல்லக்கூடிய பணியே விண்ணப்பத்தில் நிற்கும்.

மரக்கன்று நடுவதை எடுப்பவர்கள் மாதத்தைக் கவனியுங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நட்டு, படம் எடுத்து, ஆகஸ்டில் காய்ந்துபோன கன்றுகளை நிறையப் பார்த்துவிட்டேன். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதை ஒட்டி நட்டு, அடுத்த கோடை முழுதும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள்.

பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் இரவு நடை அருமையான அனுபவம். ஆனால் அதன் பருவம் ஜனவரியில் தொடங்கி உங்கள் பொதுத்தேர்வு வரை வந்து நிற்கும். பிளஸ் ஒன் மாணவர்கள் போகலாம். பிளஸ் டூ மாணவர்களை நான் அனுப்புவதில்லை.

4. அது யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. மூன்று மாதம் தவறான கதவைத் தட்டிவிட்டு "யாரும் கேட்கவில்லை" என்று சோர்ந்துபோவார்கள்.

தெருவில் தண்ணீர் நிற்கிறது. அது மழைநீர் என்றால் வடிகால் மாநகராட்சியுடையது. 1913 என்ற எண். கழிவுநீர் பொங்குகிறது என்றால் அது சென்னைக் குடிநீர் வாரியம், 044-4567 4567. மின்கம்பி தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. தெருவிளக்கு எரியாவிட்டால் திரும்பவும் மாநகராட்சி. சாலையிலும் இந்தச் சிக்கல் உண்டு: உட்புறத் தெருக்கள் மாநகராட்சியிடமும் சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கின்றன.

எனவே தண்ணீர் தேங்கினால் முதலில் நிறத்தையும் நாற்றத்தையும் கவனியுங்கள். மழை பெய்யாத நாளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அப்போது இரண்டு இடத்திலும் தனித்தனிப் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் வார்டு எண், மண்டலம், மாமன்ற உறுப்பினர், அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர் ஆகிய நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

5. கை வைக்கும் முன் அளந்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் பிறகு திரும்பி வர வழியே கிடையாது. பெருக்கிய பிறகு, பெருக்கும் முன் எவ்வளவு குப்பை இருந்தது என்று அளக்க முடியாது.

வடசென்னையில் என் மாணவி ஒருத்தி இதைச் செய்த விதத்தை இன்றும் வகுப்பில் காட்டுகிறேன். அவள் தெருமுனையில் மழைக்குப் பிறகு நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். முனை வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு சுற்றுச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். முதல் மழையில் அழிந்துபோனது. அடுத்த முறை அம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் போட்டாள், அது நின்றுவிட்டது. தினமும் காலை பள்ளிக்கு வரும் முன் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைத் தண்ணீரில் நிறுத்தி அளந்தாள்.

நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கும்: "நவம்பர் 12, காலை 6.40, 14 செ.மீ., மழை நின்றுவிட்டது. நவம்பர் 13, காலை 6.45, 12 செ.மீ., மழை இல்லை. நவம்பர் 14, காலை 6.40, 11 செ.மீ., மழை இல்லை." வேறு அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு நாள் மழை இல்லாமலும் மூன்று சென்டிமீட்டர்தான் வடிந்திருக்கிறது என்றால் வடிகால் அடைத்திருக்கிறது என்று அந்தப் பக்கமே சொல்லிவிடுகிறது. பொறியாளர் அதைப் படித்துவிட்டு, எந்தப் பக்கமாக வடிகிறது என்று அவளிடம் கேட்டார். ஒரு பெரியவரிடம் கேட்பதுபோலக் கேட்டார். தூர்வாரிய பிறகு வந்த மழையில் அதே கோட்டருகே 4 செ.மீ. நின்றது, மாலைக்குள் வடிந்துவிட்டது.

தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். குப்பை என்றால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குத் தொட்டி நிரம்பி வழிகிறது என்று குறியுங்கள். இரண்டு வாரம் போதும். படம் எடுக்கும்போது அசையாத ஏதாவது ஓர் அடையாளம், கடைப் பலகையோ கம்பமோ, சட்டகத்துக்குள் வரட்டும். பிறகு எடுக்கும் படமும் அதே இடத்தில் நின்று எடுத்ததுதான் என்று அதுவே காட்டும்.

6. புகார், மனு, தகவல் உரிமை: இந்த வரிசையில்

முதலில் 1913-இல் அல்லது நம்ம சென்னை செயலியில் புகார். புகார் எண்ணை உடனே நோட்டில் எழுதுங்கள். குறுஞ்செய்தியை நம்பாதீர்கள், கைப்பேசி மாறினால் போய்விடும். புகார் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தால் அன்றே நேரில் போய்ப் பார்த்து நிலைமையை எழுதுங்கள்.

பதினைந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உதவிப் பொறியாளருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் ஒரு பக்க மனு. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இடம், அளவுகள், புகார் எண், வேண்டுகோள் ஆகிய நான்கு மட்டும். இரண்டு நகல் எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கி வாருங்கள். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் மாணவர்களிடம் மனு கொடுத்ததற்கே சான்று இருக்காது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ஆனால் கீழே கேட்காமல் நேராக மேலே போனால் மனு திரும்பவும் கீழேதான் வந்து சேரும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இந்தியக் குடிமக்கள் எவரும் கேட்கலாம், சட்டம் வயது வரம்பு வைக்கவில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மாணவர்கள் இங்கே செய்யும் தவறு, காரணம் கேட்பது. "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, சட்டம் தருவது ஆவணத்தில் இருக்கும் தகவலைத்தான். "கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்தத் தெருவின் மழைநீர் வடிகால் தூர்வாரப்பட்ட தேதிகளும் பணி ஆணையின் நகலும் தேவை" என்று கேளுங்கள்.

7. தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

மாநில இளைஞர் விருதில், உள்ளூர் மக்களிடம் விண்ணப்பதாரருக்கு இருக்கும் நற்பெயரும் பார்க்கப்படும். தெருவே அறியாமல் செய்த வேலை அங்கே எடுபடாது. நான்கு வீட்டு அக்காமார்களும் ஒரு கடைக்கார அண்ணனும் உங்களை அறிந்திருந்தால் போதும்.

தூய்மைப் பணியாளர்களிடம் முதலில் பேசுங்கள். எந்த மூலையில் என்ன பிரச்சினை என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பெயர் கேட்டு, அண்ணா, அம்மா என்று அழைத்துப் பேசுங்கள்.

வடிகாலுக்குள் இறங்காதீர்கள். பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள். அங்கே உயிர் போகும் வாயு இருக்கிறது. அந்த வேலைக்கு மனிதர்களைப் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. படத்துக்காக ஒரு மாணவர் அதைச் செய்வதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். மழைக்காலத்தில் மின்பெட்டிகளின் அருகே தேங்கிய நீரில் கால் வைக்கவும் வேண்டாம்.

எந்தக் கட்சியின் பதாகையின் கீழும் நிற்காதீர்கள். தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். ஒரே ஒரு படம் உங்கள் ஓராண்டு உழைப்பின் நிறத்தை மாற்றிவிடும்.

8. அன்றன்றே எழுதுங்கள்

ஒவ்வொரு நாளுக்கும் ஆறு விவரங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், செய்தது, உடன் இருந்தவர். வாரம் ஒரு முறை பொறுப்பாசிரியரிடம் கையொப்பம். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிய பதிவு பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே கையெழுத்துச் சாய்வு, எல்லா நாளும் சரியாக இரண்டு மணி நேரம்! உண்மையான பதிவில் ஒரு நாள் நாற்பது நிமிடம் இருக்கும், ஒரு நாள் "அலுவலகம் பூட்டியிருந்தது, திரும்பி வந்தேன்" என்று இருக்கும். அதையும் எழுதுங்கள். அந்த வரிகள்தான் மற்ற வரிகளை நம்ப வைக்கும்.

பயண நேரத்தைப் பணி நேரத்தில் சேர்க்காதீர்கள். சிறு குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரிடம் கேட்காமல் எங்கும் வெளியிடாதீர்கள்.

9. சான்றுக் கடிதங்களை வேலை முடிந்த வாரத்திலேயே வாங்குங்கள்

அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். ஜனவரியில் உங்களைப் பாராட்டிய பொறியாளர் மேயில் வேறு மண்டலத்தில் இருப்பார். புதியவருக்கு உங்களைத் தெரியாது.

"நன்றாகப் பணியாற்றினார்" என்ற கடிதத்தால் பயன் குறைவு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடத்தில், என்ன செய்தார், என்ன மாறியது என்பது வர வேண்டும். விவரங்களை ஒரு தாளில் குறித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாசகத்தை அவர்களே எழுதட்டும். மூன்று கடிதம் போதும்: பள்ளி, அலுவலகம், தெருவாசி. அந்த மாணவியின் கோப்பில் முனை வீட்டுப் பாட்டி நடுங்கும் எழுத்தில் ஐந்து வரி எழுதிக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

10. விண்ணப்பம்

மார்ச் 31-க்குப் பிறகு உட்காருங்கள், கடைசி நாளுக்கு முந்தைய இரவு வேண்டாம். மாநில இளைஞர் விருதுக்கான அறிவிப்பைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய இணையதளத்தில் கோடையில் தவறாமல் பார்த்துவாருங்கள்.

முதல் பத்தியில் உங்கள் ஆர்வத்தைப் பற்றி எழுதாமல் மாற்றத்தை எழுதுங்கள். "எங்கள் தெருமுனையில் மழைக்குப் பின் 14 செ.மீ. தேங்கிய நீர், பணிக்குப் பின் 4 செ.மீ.க்குக் குறைந்தது" என்ற ஒரு வரி, "சிறு வயது முதலே சமூகத்தின் மீது பற்றுக்கொண்ட நான்" என்று தொடங்கும் பக்கத்தை விட வலிமையானது. சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் எந்தப் பக்கம், எந்த இணைப்பு என்று ஓரத்தில் குறியுங்கள். குழுவாகச் செய்த வேலையைத் தனியாகச் செய்ததாக எழுதாதீர்கள். நண்பர்களின் பங்கைச் சொல்லி, உங்கள் பங்கு எது என்று தனியே பிரித்துக் காட்டுங்கள்.

எல்லாச் சான்றுகளிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் இருந்தால் முன்கூட்டியே திருத்துங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அசல் நோட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும்.

11. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒப்படைத்துவிடுங்கள்

டிசம்பருக்குப் பிறகு உங்களால் தினமும் போக முடியாது. பதிவு அறுந்துபோகாமல் இருக்க, ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் ஒருவரை அக்டோபரிலேயே உடன் அழைத்துச் செல்லுங்கள். தெருவில் அறிமுகப்படுத்துங்கள், அளக்கும் இடத்தைக் காட்டுங்கள், நோட்டின் நகலைக் கொடுத்து, ஒப்படைத்த தேதியை இருவரும் எழுதிக் கையொப்பமிடுங்கள். எங்கள் மாணவி ஒப்படைத்தது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம். நகப்பூச்சுக் கோடு மங்கிவிட்டது என்று சென்ற மழைக்கு முன் அவன் பாட்டியிடம் மறுபடி அனுமதி கேட்டுவிட்டு, அதே உயரத்தில் எனாமல் பெயிண்டால் புதுக்கோடு போட்டிருக்கிறான்.